‘ஆச்சுங்க’ என்ற பதிலும் மாரப்பனின் கடைவாய்ப் பல்லும்

1. ஒரு பல், மூன்று துண்டு

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், டாக்டர் ஒரு ஸ்டீல் டிரேயைக் காட்டி உள்ளே எடுத்து வைக்கச் சொன்னார். ரத்தம் தோய்ந்த பஞ்சுக்கு நடுவே மூன்று துண்டுகள் கிடந்தன. எண்ணிப் பார்த்தேன். வெளியே பெஞ்சில் கன்னத்தில் ஐஸ் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு இருபத்திரண்டு வயதுகூட இருக்காது. எனக்குப் பொறுக்கவில்லை.

“ஏங்க டாக்டர், சின்னப் பொண்ணுக்கு ஒரே நாள்ல மூணு பல்லையா புடுங்குனீங்க? நாளைக்கு அது எதுல மெல்லும்?” என்று கேட்டுவிட்டேன்.

டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. டிரேயைத் தன் பக்கம் இழுத்து, மூன்று துண்டையும் ஒன்றோடொன்று பொருத்திக் காட்டினார். ஒரே பல். கடைவாயில் எல்லாப் பல்லுக்கும் கடைசியாக முளைக்கிற பல் அது. நேராக முளைக்க இடமில்லாமல் பக்கத்துப் பல்லின் மேல் சாய்ந்து, பாதி எலும்புக்குள்ளேயே படுத்திருந்ததாம். அப்படிப் படுத்த பல்லைக் குறடு போட்டு இழுத்தால் வராது. ஈறைத் திறந்து, மேலே மூடியிருக்கிற எலும்பைக் கொஞ்சம் எடுத்து, பல்லை உள்ளேயே துண்டு போட்டு, ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, தையல் போட வேண்டும். அதற்கு சர்ஜிக்கல் எக்ஸ்ட்ராக்ஷன் என்று பெயர். எங்கள் கிளினிக்கில் வெறும் ‘சர்ஜிக்கல்’ என்போம். “இன்னைக்கு ரெண்டு சர்ஜிக்கல் இருக்குக்கா” என்று டாக்டர் சொன்னால் போதும், எத்தனை டிரே, எத்தனை கட்டு பஞ்சு, எந்த டிரில் முனை என்று என் கை தானாக எடுத்து வைக்கும்.

கிளினிக் அரூரில், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், மாடியில் இருக்கிறது. நான் அங்கே வேலைக்குப் போகும்போது எனக்கு ஐம்பது வயது. அதற்கு முன்னால் புளிக்குக் கொட்டை எடுக்கிற வேலை. என் வீட்டுக்காரர் சுகரில் இறந்துபோன பிறகு, வெயிலில் உட்கார்ந்து செய்கிற வேலை உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கூட்டிப் பெருக்க ஆள் வேண்டும் என்று சொன்னார்கள், போனேன். படிப்பு இரண்டாம் வகுப்பு. எழுத்துக் கூட்டிப் படிப்பேன், கையெழுத்துப் போடுவேன். இந்தக் குறிப்பைக்கூட இரண்டு மாதமாக விட்டு விட்டு எழுதுகிறேன்.

கூட்டிப் பெருக்கப் போனவள் ஆறு மாதத்தில் டிரே கழுவினேன். ஒரு வருஷத்தில் ஆட்டோகிளேவ் என் கைக்கு வந்தது. அது பெரிய குக்கர் மாதிரி. ஆவியில் கருவிகளைச் சுத்தம் செய்வது. எத்தனை நிமிஷம், எவ்வளவு பிரஷர் என்று முள்ளைப் பார்த்தே சொல்வேன். இரண்டாவது வருஷம் டாக்டருக்குப் பக்கத்தில் நின்று, வாயில் தேங்குவதை உறிஞ்சுகிற சக்ஷன் குழாய் பிடித்தேன். பதினாலு வருஷத்தில் நான் கழுவிய டிரேயால் ஒருவருக்குச் சீழ் வைத்தது என்று டாக்டர் சொன்னதில்லை. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது.

2. நாற்காலியில் உட்கார்ந்தால்

சர்ஜிக்கலுக்கு வருகிறவர்களிடம் முதலில் பேசுவது நான்தான். டாக்டர் எல்லாம் விளக்கமாகச் சொல்வார். ஆனால் அவர் சொல்லும்போது தலையை ஆட்டுவார்கள், வெளியே வந்து என்னிடம்தான், “நெசமாவே வலிக்குமாக்கா?” என்று கேட்பார்கள். வலிக்கவே வலிக்காது என்று நான் சொன்னதில்லை. பொய் சொல்லி உட்கார வைத்தால், முதல் ஊசியிலேயே நம் மேல் உள்ள நம்பிக்கை போய்விடும்.

ஊசி வலிக்கும். எறும்பு கடித்தால் எப்படியோ, அதைவிடக் கொஞ்சம் கூடுதல். பிறகு உதட்டில் ஒரு பக்கம் குறுகுறுவென்று இருக்கும், தடித்துப்போன மாதிரி தோன்றும். கண்ணாடியில் பார்த்தால் ஒன்றும் தடித்திருக்காது. பத்து நிமிஷத்தில் நன்றாக மரத்துப் போகும். அதற்குப் பிறகு வலி தெரியாது. ஆனால் அழுத்துவது தெரியும், ஆட்டுவது தெரியும், டிரில் சத்தம் மண்டைக்குள்ளேயே ஓடுகிற மாதிரி கேட்கும். அந்தச் சத்தத்துக்குத்தான் பாதிப் பேர் பயப்படுகிறார்கள். போர்வெல் போடுகிற லாரி வீட்டுப் பக்கத்தில் நிற்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வேன். எங்கள் பக்கம் போர் லாரி சத்தம் கேட்காதவர் யாரும் இல்லை, சிரித்துவிடுவார்கள்.

நடுவில் வலித்தால் இடது கையைத் தூக்க வேண்டும், தலையைத் திருப்பக் கூடாது. கத்தி உள்ளே இருக்கும்போது தலை திரும்பினால் வெட்ட வேண்டாத இடத்தில் வெட்டும். வேலை அரை மணி நேரமும் ஆகும், ஒரு மணி நேரமும் ஆகும். அது பல் படுத்திருக்கிற விதத்தைப் பொறுத்தது.

முடிந்த பிறகு பஞ்சை வைத்து ஒரு மணி நேரம் கடித்திருக்க வேண்டும். எச்சிலைத் துப்பக் கூடாது, விழுங்க வேண்டும். எங்கள் ஜனங்களுக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமானது இதுதான். ரத்த வாசனை வந்ததும் வாசல் பக்கம் ஓடித் துப்பிவிடுவார்கள். துப்பத் துப்பப் பல் இருந்த குழியில் உறைந்த ரத்தம் கழன்று வரும். அது கழன்றால் எலும்பு வெளியே தெரிந்து, மூன்றாம் நாள் நாலாம் நாள் காது வரைக்கும் வலி இழுக்கும். புகையிலை, வெற்றிலைப் பாக்கு, பீடி எல்லாம் ஒரு வாரத்துக்கு ஆகாது. ஸ்ட்ரா போட்டு உறிஞ்சவும் கூடாது. முதல் நாள் கன்னத்தில் வெளிப்பக்கமாக ஐஸ், மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர். உதடு மூன்று நாலு மணி நேரம் மரத்தே இருக்கும், தெரியாமல் கடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வீக்கம் இரண்டாம் நாள், மூன்றாம் நாள்தான் அதிகம். எடுத்த அன்றைக்கு நன்றாக இருந்து மூன்றாம் நாள் முகம் உப்பினால் பயந்துவிடக் கூடாது. பிறகு தானாக வற்றும். ரத்தம் நிற்காமல் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, மறுநாளும் உதடு மரத்தே இருந்தாலோ உடனே வர வேண்டும். ஏழாம் நாள் தையல் பிரிப்போம்.

சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் டாக்டருக்கு நான் ஒன்று சேர்த்துக் கொடுத்தேன். அவர் எல்லாரிடமும் ஐஸ்கிரீம், தயிர் சாதம் என்பார். பாப்பிரெட்டிப்பட்டி, சித்தேரிப் பக்கத்திலிருந்து வருகிறவர் ஐஸ்கிரீமுக்கு எங்கே போவார்? “களியை நல்லா ஆற வெச்சு, மோர்ல கரைச்சு முழுங்கச் சொல்லுங்க டாக்டர். களியை நாங்க எப்பவும் மெல்லறதே இல்லீங்க” என்றேன். அன்றிலிருந்து அவரும் அதைத்தான் சொல்கிறார்.

3. நான் போட்ட டிக்

இனி, நான் செய்த தப்பைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருஷம் நடந்தது.

ஒவ்வொரு சர்ஜிக்கல் ஆளுக்கும் ஒரு பச்சை அட்டை உண்டு. சுகர் உண்டா, பிரஷர் உண்டா, மாத்திரை போட்டாச்சா, சாப்பிட்டாச்சா என்று வரிசையாகக் கட்டம் இருக்கும். கேட்டுவிட்டு டிக் போடுவது என் வேலை. எழுதத் தெரியாதவள் என்பதால் டாக்டர் எனக்காகவே கட்டமாக அச்சடித்திருந்தார். அந்த அட்டையைப் பார்த்துவிட்டுத்தான் அவர் ஊசியைக் கையில் எடுப்பார்.

மாரப்பன் என்பவர் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் ஒரு ஊரில் மரவள்ளிக் கிழங்கு போடுகிறவர். நாற்பத்தெட்டு வயது, சுகர் உண்டு. கீழ்க் கடைவாய்ப் பல் படுத்துக்கொண்டு, இரண்டு தடவை கன்னம் வீங்கி, இரண்டாம் தடவை வாயில் ஒரு விரல்கூட நுழையாத நிலைமையில் வந்தார். டாக்டர் எக்ஸ்ரேயை விளக்கு வெளிச்சத்தில் காட்டி அவரிடமும் அவர் சம்சாரம் பழனியம்மாவிடமும் சொன்னதை நானும் கேட்டேன். மாத்திரையில் இப்போதைக்கு வீக்கம் வற்றும், வற்றியிருக்கிற சமயத்தில் பல்லை எடுத்துவிட வேண்டும், விட்டுவைத்து மூன்றாம் தடவை வீங்கினால் சீழ் கழுத்துக்கு இறங்கி மூச்சையே அடைக்கலாம் என்றார். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொன்னார். காலையில் சாப்பிட்டுவிட்டு, எப்போதும் போடுகிற சுகர் மாத்திரையையும் போட்டுக்கொண்டு வரச் சொன்னார்.

வியாழக்கிழமை இருவரும் வந்தார்கள். பழனியம்மாவின் அண்ணனும் துணைக்கு வந்து, கீழே டீக்கடையில் நின்றுகொண்டார். நான் அட்டையை எடுத்துக்கொண்டு போனேன்.

“மாத்திரை போட்டீங்களா?”

“போட்டாச்சும்மா.”

“சாப்டாச்சுங்களா?”

“ஆச்சும்மா.”

பழனியம்மாவும், “ஆச்சுங்க. நீங்க சாப்டீங்களா?” என்று கேட்டார். நானும் “ஆச்சுங்க” என்றேன். அன்றைக்கு எனக்கு பஸ் தவறி, காலையில் ஒரு வாய்கூட உள்ளே போகவில்லை. அதை அந்த நேரத்தில் நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு கட்டத்திலும் டிக் போட்டு உள்ளே கொடுத்தேன்.

முந்தின நாள் லேபில் எடுத்த சுகர் ரிப்போர்ட் நன்றாக இருந்தது. டாக்டர் ஊசி போட்டார். மாரப்பன் நல்ல பேச்சுக்காரர். “ஒதடு பாதி மாமியா வூட்டுக்குப் போயிருச்சுங்க” என்று சொல்லி எங்களைச் சிரிக்க வைத்தார். டாக்டர் கை கழுவப் போனார். நான் கருவிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன்.

ஏழெட்டு நிமிஷத்தில் பேச்சு நின்றுவிட்டது. கொட்டாவி விட்டார். ஏதோ சொன்னார், குழறியது. டாக்டர் வந்து பார்த்து, பயத்தில் வருகிற தலைசுற்றல் என்று நினைத்து நாற்காலியைச் சாய்த்துக் காலை உயர்த்தினார். ஊசி போட்டதும் பயத்தில் மயங்குகிறவர்கள் உண்டு, படுக்க வைத்தால் இரண்டு நிமிஷத்தில் தெளிந்துவிடுவார்கள். இவர் தெளியவில்லை. நான் நெற்றியைத் துடைத்தேன். ஃபேனுக்கு அடியில் படுத்திருக்கிற மனுஷனுக்குச் சட்டை நனைந்திருந்தது. வேர்வை சில்லென்று இருந்தது. அந்தச் சில்லிப்பு எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரரின் நெற்றியை எத்தனை தடவை துடைத்திருக்கிறேன்.

“டாக்டர், இது பயமில்லீங்க. சுகர் எறங்குது” என்றேன்.

டாக்டர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. விரலில் குத்தி மெஷினில் பார்த்தார். ஐம்பதுக்கும் கீழே காட்டியது. குளுக்கோஸ் பவுடரைக் கரைத்து, நாற்காலியை நிமிர்த்தி, மரக்காத பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினோம். பாதி உதட்டோரம் வழிந்தது, பாதி உள்ளே போனது. ஒரு கால் மணி நேரம். பிறகு கண்ணைச் சரியாகத் திறந்து என்னைப் பார்த்து, “என்னாச்சும்மா?” என்று கேட்டார்.

டாக்டர் அட்டையை எடுத்துப் பார்த்தார். “முனியம்மாக்கா, சாப்டாருன்னுதானே இருக்கு?”

நான் பதில் சொல்வதற்குள் பழனியம்மா முந்திக்கொண்டார். “எங்கீங்க சாப்டாரு. ஆபரேஷன்னா பச்சைத் தண்ணிகூடக் குடிக்கக் கூடாதுன்னு எங்கண்ணன் சொல்லிட்டாரு. அவருக்குச் சேலத்துல குடலெறக்கம் ஆபரேஷன் பண்ணப்ப அப்படித்தான் பண்ணாங்களாம். மாத்திரைய மட்டும் வுடக் கூடாதுன்னு போட்டுக்கிட்டாரு.”

“என்கிட்ட ரெண்டு பேரும் ஆச்சுன்னு சொன்னீங்களே” என்றேன்.

“நீங்க கேட்டீங்க, சொன்னோம். சாப்டாச்சான்னு கேட்டா ஆச்சுன்னுதானே சொல்லணும்? இல்லைன்னா சொல்லுவாங்க?” என்றார் அவர். அவர் முகத்தில் துளி கள்ளம் இல்லை.

இதற்குள் சேதி கேட்டு அண்ணன்காரர் மாடியேறி வந்துவிட்டார். “நடந்து வந்த மனுசன ஊசியப் போட்டு இப்படிப் பண்ணிட்டீங்களே” என்று சத்தம் போட்டார். பெஞ்சில் காத்திருந்த இரண்டு பேர் எழுந்து போனார்கள். பல்லை விட்டுவைத்தால் ஆபத்து என்று டாக்டர் எவ்வளவோ எடுத்துச் சொன்னார். “உங்க வைத்தியம் போதும்ங்க” என்று அண்ணன்காரர் அவர்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

டாக்டர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. அட்டை மேஜையில் கிடந்தது. அதில் இருந்த டிக் என் கை போட்டது.

4. “பசிக்குதுங்க”

வெள்ளி, சனி இரண்டு நாளும் டாக்டர் போன் செய்தார். அண்ணன்காரர் எடுத்து, நன்றாக இருக்கிறார், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று வைத்துவிட்டார். வீக்கத்துக்குக் கொடுத்த மாத்திரை முடிய இன்னும் இரண்டு நாள்தான். முடிந்தபின் என்ன ஆகும் என்று எக்ஸ்ரே பார்த்த எங்கள் இருவருக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை கிளினிக் லீவு. நான் யாரிடமும் சொல்லாமல் பாப்பிரெட்டிப்பட்டிக்கு பஸ் ஏறினேன். அங்கிருந்து ஷேர் ஆட்டோ, பிறகு நடை. விசாரித்துப் போய்ச் சேரும்போது மதியம் ஒரு மணி இருக்கும். மாரப்பன் மோட்டார் கொட்டகைப் பக்கம் மரவள்ளிக் குச்சிகளைக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் துண்டால் கன்னத்தை மறைத்தார். மறைத்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது. வாயைத் திறக்கச் சொன்னேன். இரண்டு விரல் அளவுக்கு மேல் திறக்கவில்லை. கன்னத்தில் வீக்கம் ஆரம்பித்திருந்தது.

“அந்த நாக்காலில மறுபடி உக்கார மாட்டம்மா. நீ இவ்ளோ தூரம் வந்தது சரி, ஆனா அதைக் கேக்காத” என்றார்.

அண்ணன்காரர் கட்டிலில் உட்கார்ந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார். பழனியம்மா உள்ளேயிருந்து வந்தார். கோபம் இருந்தாலும் வீடு தேடி வந்தவளை அவர் என்ன செய்வார்? “வாங்க. சாப்டாச்சா?” என்று கேட்டார்.

‘ஆச்சுங்க’ என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஐம்பது வருஷப் பழக்கம் இல்லையா. அதை அப்படியே விழுங்கிக்கொண்டு, “இல்லீங்க. காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடல. பசிக்குதுங்க” என்றேன்.

பழனியம்மா நின்றுவிட்டார். அண்ணன்காரர், அறிமுகம் இல்லாத வீட்டில் வந்து பசிக்கிறது என்கிறாளே என்று பார்த்தார். எனக்குக் காது சூடாகிவிட்டது. என் வயதுக்கு நான் அப்படி ஒரு வீட்டிலும் கேட்டதில்லை. பிறகு பழனியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே போய்த் தட்டில் களியும் கீரைக் குழம்பும் கொண்டுவந்து வைத்தார்.

சாப்பிட்டுக்கொண்டே சொன்னேன். “வியாழக்கெழம நீங்க என்னைக் கேட்டப்ப நானும் ஆச்சுன்னுதான் சொன்னேன். நானும் அன்னைக்குச் சாப்பிடலீங்க. மூணு பேரும் பொய்தான் சொன்னோம். ஆனா மூணு பேருல சுகர் மாத்திரை போட்டிருந்தது இவரு ஒருத்தருதான்.”

மாரப்பன் கையிலிருந்த குச்சிக் கட்டைக் கீழே வைத்தார்.

நான் அண்ணன்காரர் பக்கம் திரும்பினேன். அவருக்குக் குடலிறக்கம் ஆபரேஷன் செய்தபோது மயக்கம் கொடுத்தார்களா என்று கேட்டேன். ஆமாம், ஒன்றுமே தெரியவில்லை என்றார். அதற்குத்தான் வெறும் வயிறு என்று விளக்கினேன். மயக்கத்தில் இருக்கும்போது வயிற்றில் இருப்பது மேலே வந்தால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். இங்கே ஆள் விழித்துக்கொண்டே இருப்பார், வாயில் ஒரு பக்கம் மட்டும்தான் மரக்கும். அதனால் சாப்பிட்டுவிட்டுத்தான் வர வேண்டும். யாருக்கு என்ன மாதிரி என்று டாக்டர் சொல்வார், அதைத்தான் கேட்க வேண்டும்.

“இதை அன்னைக்கே சொல்லிருக்கலாம்ல” என்றார் அவர்.

“டாக்டர் சொன்னாங்க, இவரு கேட்டாரு. முடிவு பண்ணது நீங்க” என்றேன்.

பழனியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணன்காரர் எழுந்து மாட்டைப் பார்க்கிற மாதிரி அந்தப் பக்கம் போனார்.

மாரப்பன் மெதுவாகக் கேட்டார், “நடுவுல மறுபடியும் அப்படி வந்தா?”

விரலில் குத்திப் பார்த்த பிறகுதான் ஊசி, நான் உங்கள் தலைமாட்டிலேயே நிற்பேன் என்றேன். அவர் பழனியம்மாவைப் பார்த்தார்.

“நாளைக்கே போறோம்” என்றார் பழனியம்மா. “நான் வரேன். எங்கண்ணன் இங்கயே இருக்கட்டும், மாடு கன்னப் பாத்துக்குவாரு.”

5. திங்கட்கிழமை

நான் போய் வந்ததைக் காலையில்தான் டாக்டரிடம் சொன்னேன். அவர் என் கையை ஒரு கணம் பிடித்துக்கொண்டார். மாரப்பன் வந்ததும் சோதித்துப் பார்த்தார். வீக்கம் இப்போதுதான் ஆரம்பிக்கிறது, மாத்திரையைப் பழனியம்மா ஒரு வேளையும் விடவில்லை, வாயும் இரண்டு விரல் திறக்கிறது, இன்றே எடுத்துவிடலாம், நாளைக்கு என்றால் வாய் திறக்காது என்றார்.

அட்டையை என்னிடம் கொடுத்தார். ‘சாப்பிட்டாச்சா’ என்ற கட்டத்தின் மேல் பேனாவால் குறுக்கே கோடு போட்டிருந்தது. “இனிமே டிக் வேணாம்க்கா. என்ன சாப்டாங்க, எத்தனை மணிக்குன்னு எழுதுங்க” என்றார்.

“எனக்கு எழுத வராதே டாக்டர்.”

“வர்ற மாதிரி எழுதுங்க. படிக்கப் போறது நான்தானே.”

பெஞ்சுக்கு வந்தேன். “காலையில என்ன சாப்டீங்க? யாரு ஆக்குனது? எத்தனை மணிக்கு?” என்று கேட்டேன். மாரப்பன், களி, பருப்புக் குழம்பு, எட்டு மணி, இவள் பக்கத்தில் உட்கார்ந்து கடைசி உருண்டை வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள் என்றார். பொய் சொல்கிறவருக்கு இவ்வளவு விவரம் வராது. நான் எழுதினேன். ஒவ்வொரு எழுத்தாக. பழனியம்மா எட்டிப் பார்த்து, “பருப்ப வுட்டுட்டீங்க” என்றார். அதையும் சேர்த்தேன். விரலில் குத்திப் பார்த்தோம். சரியாக இருந்தது.

ஊசி போட்டுப் பத்து நிமிஷம் நான் அவர் நெற்றியில் கை வைத்தபடியே நின்றேன். நெற்றி காய்ந்தே இருந்தது. வெதுவெதுப்பாகவும் இருந்தது. டாக்டர் என்னைப் பார்த்தார், நான் தலையை ஆட்டினேன். ஈறைத் திறந்தார்.

நான் பார்த்த சர்ஜிக்கல்களிலேயே அதுதான் கடினமான பல். எலும்பை எடுத்து, பல்லின் தலையைத் துண்டு போட்டு, நெம்புகோல் மாதிரி உள்ள கருவியால் அசைத்தால் அசையவே இல்லை. இரண்டு தடவை மறுபடியும் டிரில் போட்டார். என் சக்ஷன் குழாய் ரத்தமும் தண்ணீரும் தேங்காமல் இழுத்துக்கொண்டே இருந்தது. நடுவில் மாரப்பன் இடது கையைத் தூக்கினார். டாக்டர் சட்டென்று நிறுத்தினார். வலியா என்று கேட்டார். இல்லை என்று கையை ஆட்டிவிட்டு, திறந்த வாயோடு ஏதோ சொன்னார். பழகிய காது என்பதால் எனக்குத்தான் புரிந்தது. முடிந்ததா என்று கேட்கிறார்.

“பாதி முடிஞ்சிருச்சு” என்றார் டாக்டர். கையை இறக்கிக்கொண்டார்.

முதலில் தலை வந்தது. பிறகு ஒரு வேர். கடைசி வேர் கொக்கி போல வளைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அது வெளியே வந்து டிரேயில் விழுந்தபோது ‘டிங்’ என்று சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை நான் பதினாலு வருஷமாகக் கேட்கிறேன். அன்றைக்குக் கேட்ட மாதிரி என்றைக்கும் கேட்டதில்லை. குழியைக் கழுவி மூன்று தையல். மொத்தம் ஐம்பது நிமிஷம்.

பஞ்சைக் கடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தவர், கொஞ்ச நேரத்தில் துப்புவதற்கு எழுந்தார். பழனியம்மா தோளைப் பிடித்து உட்கார வைத்தார். “முழுங்கு. மாமியா வூட்டுக்குப் போன ஒதடு திரும்பி வர்ற வரைக்கும் பேசாத” என்றார்.

மூன்றாம் நாள் காலையில் போன் வந்தது. “மூஞ்சி பூசணிக்கா மாதிரி ஆயிருச்சுங்க, நீங்க சொன்ன மாதிரியேதான்” என்றார் பழனியம்மா. குரலில் பயம் இல்லை. காய்ச்சல் இருக்கிறதா, ரத்தம் வருகிறதா, உதட்டில் உணர்ச்சி வந்துவிட்டதா என்று நான் கேட்டேன். காய்ச்சலும் ரத்தமும் இல்லை, உணர்ச்சி வந்துவிட்டது என்றார். டாக்டரிடம் சொன்னேன். வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொன்னார். ஏழாம் நாள் தையல் பிரித்தபோது வாய் மூன்று விரல் திறந்தது. கழுத்துக்கு ஒன்றும் இறங்கவில்லை. அந்த மனுஷன் இன்றைக்கும் மரவள்ளி போடுகிறார்.

6. கேட்கிற விதம்

அதற்குப் பிறகு எங்கள் கிளினிக்கில் இரண்டு விஷயம் மாறியது. சுகர் உள்ளவர் யாராக இருந்தாலும் ஊசிக்கு முன்னால் விரலில் குத்திப் பார்ப்போம். இரண்டாவது, பச்சை அட்டையில் சாப்பாட்டுக் கட்டம் போய்க் கோடு வந்தது. அந்தக் கோட்டில் எழுதி எழுதித்தான் எனக்கு எழுத்து வந்தது. இட்லி, பொங்கல், பழைய சோறு, கம்மங்கூழ், பன், டீ என்று இந்தத் தாலுகாவே காலையில் என்ன சாப்பிடுகிறது என்பது என் கையெழுத்தில் இருக்கிறது. டீ மட்டும் என்றால் கீழே அனுப்பி நாலு இட்லி சாப்பிட வைத்துவிட்டுத்தான் உள்ளே விடுவேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். நோயாளி பொய் சொல்லிவிட்டார் என்று அட்டையை நீட்டித் தப்பித்துக்கொள்ளாதீர்கள். மரியாதைக்குக் கேட்கிற மாதிரி கேட்டால் மரியாதைக்குத்தான் பதில் வரும். மாத்திரை போட்டீர்களா என்று கேட்காமல் மாத்திரை அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். புரிந்ததா என்று கேட்காமல், வீட்டுக்குப் போய் என்ன செய்வீர்கள், சொல்லுங்கள் என்று கேளுங்கள். பதிலுக்குக் கூடுதலாக ஐந்து நிமிஷம் ஆகும். ஆகட்டும்.

அடுத்த வருஷம் பழனியம்மா தன் பல்லைக் காட்ட வந்தார். வேறு டாக்டர் யாரிடமும் போகவில்லை, நேராக எங்களிடம்தான். சர்ஜிக்கல் என்று முடிவாகி, குறித்த நாளில் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். நான் அட்டையோடு பக்கத்தில் போய் வாயைத் திறக்கும் முன்பே அவர் ஆரம்பித்துவிட்டார்.

“மூணு இட்லி, வேர்க்கல்லச் சட்னி, எட்டரை மணி. நானே ஆக்குனது. எழுதுங்க.”

எழுதினேன். சட்னிக்கு வரும்போது கொஞ்சம் நேரமாயிற்று. அவர் அவசரப்படாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.